தொடாமல் விட்ட கம்பி

சிப்பித்துறையின் தோணிகள் வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவதையும் பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு திரும்புவதையும் ஊரார் ஏறெடுத்தும் பார்க்காத ஐப்பசி மாதத்தில், வியாழக்கிழமை ஒன்றின் காலையில், தண்டல் கஸ்மீரின் மனைவி கிளாரிந்தா தன் கிதாரின் ஐந்தாம் கம்பியைக் கட்டைவிரலால் மீட்டினாள். அந்தக் கம்பி அதற்குப் பிறகு ஓயவில்லை.

தோணிக்குத் தலைவனாக இருப்பவனைத் தண்டல் என்பார்கள். தண்டலின் மனைவி கிதார் பழகுவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. ஆனால் பூசைப் பாட்டுகளுக்குக் கிதார் வாசித்துவந்த ஆல்ட்ரின் குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். இனி யார் வாசிப்பது என்று பங்குத்தந்தை கேட்டபோது பாடற்குழுவில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பங்குப் பள்ளியில் கணக்கு நடத்துபவளும், தரையைப் பார்த்துப் பழக்கமில்லாதவளுமான கிளாரிந்தா, "நான் வாசிக்கேன் சாமி" என்று சொல்லிவிட்டாள். சொன்னதைத் திரும்பப் பெறும் வழக்கமும் அவளுக்கு இல்லை. ஆகவே பள்ளிக்குப் புறப்படுமுன் நாள்தோறும் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடக்கை எதையும் அழுத்தாமல் கம்பிகளைத் திறந்தபடியே விட்டு, கட்டைவிரல் தடித்த கம்பிகளில் ஒன்றிலும், ஆட்காட்டி மூன்றாவதிலும், நடுவிரல் இரண்டாவதிலும், மோதிரவிரல் முதலாவதிலும், பிறகு நடுவிரலும் ஆட்காட்டியும் வந்த வழியே திரும்பியும், அலை வந்து போவதைப் போல மீட்டிப் பழகினாள். விரல்கள் வரிசையை விரைவில் கற்றுக்கொண்டன. கற்றுக்கொள்ளாதது அவள்தான். ஒரு கம்பியை மீட்டி முடிக்குமுன் அடுத்த கம்பியின் கவலை வந்து, விரலை முன்கூட்டியே கொண்டுபோய் அதன்மேல் வைத்துவிடுவாள். விரல் பட்ட கம்பி அந்தக் கணமே செத்துவிடும். ஆட்காட்டி விரல்தான் எல்லாவற்றிலும் பொறுமையற்றது என்பதால் மூன்றாம் கம்பியே அதிகம் செத்தது.

குவைத்திலிருந்து ஆல்ட்ரின் கைப்பேசியில் கேட்டுவிட்டுச் சொன்னான்: "யக்கா, அடிச்ச கம்பிய விட்ருங்க. அது பாட்டுக்கு ஒலிக்கட்டும். நீங்க ஒவ்வொண்ணையும் கழுத்த நெரிச்சுல்லா கொல்லுதிய."

கம்பியை மட்டுமல்ல, மனிதர்களின் பேச்சையும் அவள் அப்படித்தான் நடத்தினாள். எதிரில் இருப்பவர் வாக்கியத்தைத் தொடங்கும்போதே அதன் முடிவு அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த ஒன்றுக்காகக் காத்திருப்பதை அவள் வீண் என்று கருதினாள். கஸ்மீர் இயல்பிலேயே குறைவாகப் பேசுபவன். மணமான நாளிலிருந்து அவன் வீட்டுக்குள் முடித்த வாக்கியங்கள் மிகச் சில.

அந்த வியாழக்கிழமை அவன் பயணப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை போய், எதையோ நினைத்துத் திரும்பி நின்று, "ஏட்டி, அந்த..." என்று தொடங்கினான். அவளுக்கு வரிசை முதன்முறையாகச் சரியாக வந்துகொண்டிருந்தது. தலையை நிமிர்த்தாமல் இடக்கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னாள். தெருவில் ஆட்டோக்காரன் ஒலிப்பானை அழுத்தினான். கட்டைவிரல் ஐந்தாம் கம்பியை மீட்டிய அந்த நொடியில் அவள் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. அவள் எழுந்து தெருவுக்கு ஓடி, ஆட்டோ தேர்மாறன் முடுக்கில் திரும்பி மறைவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தபோது, நாற்காலியில் சாய்ந்திருந்த கிதார் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.

உள்ளங்கையை வைத்தால் அடங்கியது; எடுத்தால், அழுது ஓயாத பிள்ளையைப் போல, விட்ட இடத்திலிருந்து மறுபடி எழுந்தது. முறுக்காணியைத் தளர்த்திப் பார்த்தாள். கம்பி தொய்ந்தது, சத்தம் தொய்யவில்லை. மறுபடி முறுக்கிவைத்துவிட்டு, பள்ளிக்கு நேரமாகிவிட்டதால், கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மாலையில் அவள் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு எமிலியா தெருவின் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். எமிலியா கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். உடலும் கிடைக்காத கணவன். ஒரே மகன் நெவிஸ் கஸ்மீரின் தோணியில்தான் வேலை பார்த்தான்.

"ஏட்டி, காலையிலேர்ந்து ஒத்தச் சத்தம். ஒண்ணு பாட்டப் பாடு, இல்ல நிறுத்து. ரெண்டுக்கும் நடுவுல நிக்காத."

"நிக்கமாட்டங்கு மதினி."

"நிக்கமாட்டங்குன்னா?"

எமிலியா உள்ளே வந்து, கம்பியை உற்றுப் பார்த்து, விரல்நுனியை வைத்து எடுத்து, மறுபடி வைத்து எடுத்து, "பூன வயிறு மாதிரில்லா இருக்கு" என்று சொன்னாள். பிறகு இரவுக்கு என்ன குழம்பு என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு சிப்பித்துறை அந்தச் சத்தத்தோடு வாழப் பழகிக்கொண்டது. முதல் வாரம் நாய்கள் ஊளையிட்டன. பிறகு சலித்துப் போய்த் தூங்கின. மீன் ஏலக் கூடத்தில் விலை கூவுகிறவர்களின் தொண்டை தாங்களே அறியாமல் அந்தச் சுருதியில் வந்து நின்றது. அதனால் கூவுகிறவர் யார் என்று குரலை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாமல் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை அதிலேயே பாடினார்கள். குழாயடியில் சண்டை தொடங்கும் பெண்கள் வேறு எந்தக் குரலிலும் கத்த முடியாமல், ஒரே சுருதியில் ஒருவரையொருவர் வைது, வைவது செபமாலை சொல்வதைப் போலக் கேட்கவே, பாதியில் வெட்கப்பட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். பங்குத்தந்தை மறைமாவட்ட ஆயரான மேற்றிராணியாருக்கு எழுத நினைத்தார். எழுதினால் விசாரணை வரும், விசாரணை வந்தால் கிதாரை எடுத்துப்போவார்கள், எடுத்துப்போனால் பூசைக்கு வேறு கிதார் இல்லை என்று எண்ணிப் பார்த்து, எழுதவில்லை. அந்த வியாழக்கிழமையே கிளாரிந்தா வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதற்கும் கம்பிதான் காரணம் என்று தெரு முடிவு செய்தது; அதை மறுக்க அவளிடம் வேறு காரணம் இல்லை.

அவளால் மட்டும் பழக முடியவில்லை. அந்தச் சத்தம் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும் ஒரு வாக்கியத்தைப் போல இருந்தது. அதை முடித்துவைக்க அவளுக்குத் தெரியவில்லை. விடைத்தாள் திருத்தும் மாலைகளில் கம்பிமேல் தலையணையை வைத்து, அதன்மேல் நிகண்டைப் பாரமாக ஏற்றிவிட்டு, அந்த அமைதியில் குற்றவாளியைப் போல அவசரமாக மதிப்பெண் போட்டாள்.

கார்த்திகை பிறந்தபின் ஒரு முற்பகலில், துறைமுகத்து வயர்லெஸ் அறையிலிருந்து பள்ளிக்கு ஆள் வந்தது. அவள் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். பின்னாலேயே எமிலியாவும் வந்தாள். பெட்டிக்குள்ளிருந்து இரைச்சலோடு கஸ்மீரின் குரல் வந்தது.

"கிளாரிந்தா, நீதான வாசிக்கே? ஓவர்."

"நான் வாசிக்கல. அதுவாத்தான் ஒலிக்கு. உங்களுக்கு எப்பிடித்..."

"எங்க எல்லாத்துக்கும் கேக்கு. போன நாள்லேர்ந்தே கேக்கு. சில சாயங்காலம் கேக்காது, நேத்தும் கொஞ்ச நேரம் கேக்கல. என்ன செஞ்ச? ஓவர்."

நேற்று மாலை எட்டாம் வகுப்பு விடைத்தாள்கள். தலையணையும் நிகண்டும் அவள் நினைவுக்கு வந்தன.

"அதுல வழி தப்பிட்டு. மிசின் அறைக்குள்ள தண்ணி ஏறி, திசை காட்டுத பொட்டி எரிஞ்சு கெடக்கு. காம்பசும் ஒடஞ்சுபோச்சு. ஒரே மூட்டம், சூரியனும் இல்ல, வெள்ளியும் இல்ல. முகப்ப வீட்டுக்கு நேரா திருப்பினா சத்தம் கூடுது, வெலகினா கொறையுது. அதப் பிடிச்சுத்தான் வாறோம். இதுல பேட்டரியும் தீரப் போவுது. அத மட்டும் நீ..."

அதோடு அறுந்துவிட்டது. வயர்லெஸ் அறையில் இருந்தவர் குமிழ்களைத் திருகிப் பார்த்துத் தலையை ஆட்டினார். கிளாரிந்தா வாழ்க்கையில் முதன்முறையாக, கணவனின் வாக்கியம் எப்படி முடியும் என்று தெரியாமல் நின்றாள்.

ஊர் அதை முடித்துவைக்க முன்வந்தது. 'அத மட்டும் நீ தொடாத' என்பதுதான் என்றார் வயர்லெஸ்காரர். 'அத மட்டும் நீ தனியா விட்டுறாத' என்றார்கள் பாடற்குழுப் பெண்கள்; முறைவைத்துக் கிதாரின் அருகில் வந்து உட்கார்ந்தார்கள். எமிலியா கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் மின்விசிறியை நிறுத்தினார்கள், காற்று அசைக்கக் கூடாது என்று. சன்னலைத் திறந்தார்கள், சத்தம் கடலுக்குப் போக வேண்டும் என்று. திறந்த சன்னல் வழியே உப்புக் காற்று வந்தது. அந்த வாரமே துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏறியது. மற்றத் தோணிகளெல்லாம் முன்பே கரைக்கு வந்து கட்டப்பட்டிருந்தன. வெளியில் நின்றது கஸ்மீரின் தோணி ஒன்றுதான்.

ஐந்தாம் கம்பியின் செம்புச் சுற்றில் பச்சைக் களிம்பு ஒரு புள்ளியாகத் தோன்றியதை முதலில் பார்த்தவள் எமிலியா.

"களிம்பு பிடிக்கு. அறுந்துபோகும் ட்டி."

"அறாது மதினி. தொட வேண்டாம்."

"உப்புக் காத்துல எது அறாம இருந்துச்சு? அவன் சொல்ல வந்தது அதான். 'அத மட்டும் நீ துருப்பிடிக்க விட்றாத'ன்னு. கடல்காரன் வேற என்னத்தச் சொல்லுவான்?"

கிளாரிந்தாவுக்கும் அது சரியாக இருக்குமோ என்று தோன்றியது. அந்த ஐயம்தான் அவளை இன்னும் கலக்கியது. மறுநாள் புயல் செய்தி கேட்க அவள் துறைமுகத்துக்குப் போயிருந்த நேரத்தில், எமிலியா தன் வீட்டுப் பின்கட்டிலிருந்து சுறா எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தாள். சிப்பித்துறையில் உப்புக் காற்றுக்கு எதிராக எதைக் காக்க வேண்டுமானாலும் அதற்குச் சுறா எண்ணெய் பூசுவார்கள்; தோணியின் பலகைக்கு, பாய்மரத்தை இழுத்துக் கட்டும் இரும்பு வடத்துக்கு, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளுக்குக் கூட. இறந்துபோன கணவன் வடத்துக்குப் பூசுவதை அவள் பார்த்திருக்கிறாள். அதே முறையில், பஞ்சை எண்ணெயில் தோய்த்து, ஒரு சுற்றும் விடாமல், கம்பியின் இடுக்குகளிலெல்லாம் இறங்கும்படி, கவனமாகவும் அன்பாகவும் பூசினாள். சுற்றியிருந்த பெண்கள் யாரும் தடுக்கவில்லை; அவர்களும் தோணிக்காரர் வீட்டுப் பெண்கள்.

கிளாரிந்தா தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் மாறியிருப்பதைக் கேட்டாள். ஈரச் சாக்குக்குள் யாரோ முனகுவதைப் போல இருந்தது. உள்ளே ஓடி வந்து, எண்ணெய் நாற்றத்தை முகர்ந்து, எமிலியாவின் கையில் இருந்த பஞ்சைப் பார்த்தாள்.

"நல்லதுக்குத்தான் ட்டி பூசினேன்" என்றாள் எமிலியா. அவளுக்கும் அதற்குள் கேட்டுவிட்டது. முகம் சாம்பல் நிறமாகியிருந்தது.

கிளாரிந்தா கத்தவில்லை. சேலைத் தலைப்பால் துடைத்தாள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தாள். இடுக்குகளில் இறங்கிய எண்ணெய் இறங்கியதுதான். துடைக்கத் துடைக்கச் சத்தம் மேலும் மெலிந்தது. கம்பியைக் கழற்றினால் மிச்சமிருப்பதும் போய்விடும். வெளியே மழை சரிந்து விழத் தொடங்கியிருந்தது. இந்தக் கணத்தில் சுக்கானைப் பிடித்தபடி கஸ்மீர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான். முகப்பை இடப்பக்கம் திருப்பிப் பார்ப்பான், வலப்பக்கம் திருப்பிப் பார்ப்பான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும்.

"மத்தக் கம்பிகள மீட்டப் போறேன்" என்றாள்.

"வேண்டாம் டீச்சர்" என்றாள் பாடற்குழுப் பெண் ஒருத்தி. "ஒரு சத்தத்துக்குப் பழகின காதுல்லா? ஆறு சத்தம் கேட்டா எந்தப் பக்கம்னு திரும்புவாவ?"

அது நியாயமான அச்சம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கிதாரை மடியில் வைத்தாள். ஆறாம் கம்பியை மீட்டினாள். அது எல்லாக் கம்பிகளையும் போல ஒலித்து ஓய்ந்தது. நான்காவது ஒலித்து ஓய்ந்தது. மூன்றாவதை ஆட்காட்டி விரல் மீட்டிய வேகத்திலேயே திரும்பி வந்து அதன் வாயைப் பொத்தியது. மறுபடி மீட்டினாள். மறுபடியும் அதுவே. விரல்கள் ஒவ்வொன்றும் அடுத்த கம்பியின்மேல் முன்னதாகவே போய் உட்கார்ந்துகொண்டன. அவள் எவ்வளவு அஞ்சினாளோ அவ்வளவு விரைவாகக் கம்பிகள் செத்தன. மடியில் மெலிந்துகொண்டிருந்த ஐந்தாம் கம்பியின் முனகலை அவள் வயிற்றால் கேட்டாள்.

அந்த வியாழக்கிழமை என்ன செய்தோம் என்று தன்னையே கேட்டாள். எதுவும் செய்யவில்லை. அவன் என்ன சொல்ல வந்தான் என்பதற்காக வாசலைப் பார்த்தாள். அந்த நொடியில் கையை மறந்தாள். அவ்வளவுதான்.

"மதினி, வாசல்ல போய் நில்லுங்க."

"என்னத்துக்கு?"

"நில்லுங்க. நின்னு ஏதாவது சொல்லுங்க. நான் குறுக்க பேசமாட்டேன்."

எமிலியா வாசல் நிலையில் போய் நின்றாள். பின்னால் மழை. "நான் என்னத்தச் சொல்ல?" என்றாள். பிறகு சொன்னாள். "நெவிசுக்குச் சின்னதுல தண்ணின்னாலே பயம். கெணத்தடியில குளிக்க வைக்கவே நாலு பேரு பிடிக்கணும். அவன நான்தான் அடிச்சுக் கடலுக்கு அனுப்பினேன். வேற என்ன வேல இருக்கு இங்க? அவங்க அப்பா போன அன்னைக்கு நான் அழல, தெரியுமா? சோறு பொங்கிக்கிட்டிருந்தேன். பொங்கினத எறக்கி வச்சிட்டு அழலாம்னு நெனச்சேன். எறக்கினதுக்கு அப்புறம் ஆளு மேல ஆளு வந்துட்டாவ. அதுக்கு அப்புறம் நேரமே கெடைக்கல..."

கிளாரிந்தா அவள் முகத்தையே பார்த்தாள். இந்த வாக்கியங்கள் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளக் காத்திருந்தாள். அவளுடைய வலக்கை எங்கோ கீழே, அவளைக் கேளாமல், கட்டைவிரல், ஆட்காட்டி, நடு, மோதிரம் என்று அலையைப் போலப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. போன விரல் எதுவும் முன்கூட்டித் திரும்பவில்லை. ஆறாம் கம்பி ஒலித்து நீண்டது, ஓயாமல். நான்காவது அதன்மேல் ஏறியது. மூன்றாவது, இரண்டாவது, முதலாவது. எமிலியா பேசப் பேச அறை நிறைந்து, சன்னல் வழியே வழிந்து, தெருவைக் கடந்து மழைக்குள் போயிற்று அந்த ஒலி. எந்தப் பாட்டுக்கும் உரிய ஒலி அன்று அது. தொடங்கப்போகும் எல்லாப் பாட்டுக்கும் முன்னால் இருப்பது. சமையல்கட்டுகளில் எவர்சில்வர்த் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி நடுங்கின. கலங்கரை விளக்கத்தின் கண்ணாடிகள் அதிர்ந்ததாகப் பிறகு சொன்னார்கள். கிளாரிந்தா கையை எடுத்துக் காற்றில் வைத்தாள். ஆறு சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்ற கேள்வி அறையின் நடுவில் அப்படியே நின்றது.

மறுநாள் பிற்பகலில், மழை விட்ட இடைவெளியில், கிழிந்த பாயோடு தோணி வந்தது. ஊர் முழுவதும் கரையில் நின்றது. கிளாரிந்தா போகவில்லை, கிதாரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், தான் எழுந்தால் ஏதாவது நின்றுவிடும் என்ற அச்சத்தில். ஆகவே நங்கூரம் விழுந்ததை அவள் கண்ணால் பார்க்கவில்லை. கம்பிகள் ஒவ்வொன்றாக ஓய்வதைத்தான் கேட்டாள்.

கஸ்மீர் வாசலில் வந்து நின்றபோது தாடியில் உப்புப் பூத்திருந்தது.

"ஆறும் கேட்டப்பதான் நிம்மதி" என்றான். "ஒண்ணுன்னா திசைதான் தெரியும். ஆறுன்னா தூரமும் தெரியுது."

அவள் எழுந்து நின்றாள். அழுவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம்.

"அன்னைக்கு இதே எடத்துல நின்னு என்ன சொல்ல வந்திய?"

"என்னைக்கு?"

"போன அன்னைக்கு. 'ஏட்டி, அந்த'ன்னு."

அவன் நெடுநேரம் நினைத்துப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். "ஆங்" என்றான். "அந்த மோட்டார நிறுத்திரு, தொட்டி ரொம்பிட்டு, ஓடிக்கிட்டே கெடக்குன்னு சொல்ல வந்தேன்."

"எரிஞ்சுபோச்சு."

"போகத்தான் செய்யும்" என்றான் கஸ்மீர். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்தான், கடலில் பழகிய பழக்கத்தில். "எல்லாரும் எறங்கியாச்சே. இது என்ன, இன்னும் ஒண்ணு கேக்கு?"

மூன்றாம் கம்பி ஒலித்துக்கொண்டிருந்தது.

தோணியில் போனவர்களை எண்ணிப் பார்த்தார்கள், எல்லோரும் இருந்தார்கள். நெவிஸ் தாயின் வீட்டில் இரண்டாம் முறை சோறு வாங்கித் தின்றுகொண்டிருந்தான். கட்டப்பட்டிருந்த தோணிகளை எண்ணினார்கள். வெளியில் எதுவும் இல்லை. எனவே அந்தச் சத்தத்தைக் கேட்டு முகப்பைத் திருப்பிக்கொண்டிருப்பவர் யார் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சிப்பித்துறையில் கடலுக்குக் கொடுக்காத வீடு இல்லை. அன்று மாலை தெருவில் நடந்துபோன கிளாரிந்தா, பூட்டப்படும் நேரம் கடந்தும் கதவுகள் திறந்திருப்பதையும், உள்ளே இருப்பவர்கள் வேறு வேலையில் இருப்பதைப் போல வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதையும் கண்டாள். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. வராதவர்களுக்காக ஓர் ஊரையே காக்க வைப்பது கொடுமை. அந்தக் கொடுமைக்குத் தன் விரல் காரணமாக இருக்கக் கூடாது. உள்ளங்கையை வைத்தால் திரும்ப எழும். எழாமல் செய்வதற்கு வழி ஒன்றுதான் இருந்தது.

எமிலியா வீட்டு வாசலில் போய் நின்றாள். "மதினி, அந்தச் சுறா எண்ணெய்ப் போத்தலக் குடுங்க."

எமிலியா அடுப்படியிலிருந்து நிமிரவில்லை. சோறு பொங்கிக்கொண்டிருந்தது.

"கொட்டிட்டேன்" என்றாள்.

கிளாரிந்தா வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

ஞாயிறு காலைப் பூசைக்கு அவள் கிதாரை எடுத்துக்கொண்டு போனாள். ஐந்தாம் கம்பியை மட்டும் புதிதாக மாற்றியிருந்தாள். மூன்றாம் கம்பியின் சத்தம் அவளுக்கு முன்னால் கோவிலுக்குள் நுழைந்தது. பெஞ்சுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம்விட்டார்கள். அத்தனை பேர் முன்னால் வாசிப்பது அதுவே முதல் முறை. பாடற்குழு மூச்சை இழுத்துப் பிடித்தது. அவள் கட்டைவிரலால் தொடங்கினாள். வரிசை வந்தது. ஆட்காட்டியின் முறை வந்தபோது அந்த விரல் மூன்றாம் கம்பியின் மேல் வந்து, தொடாமல் நின்று, கடந்து போயிற்று. அங்கே ஒலிக்க வேண்டிய சுரம் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது.